முன்பாரம், பின்பாரம்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால் முதலில் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நாற்காலியில்தான். தரையில் மணைப்பலகை போட்டுச் சம்மணமிட்டுச் சாப்பிட்ட காலம் எல்லாம் போய்விட்டது. இப்போது உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் தேடவேண்டும். எனக்கு இரண்டு ஆள் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

போன மாதம் என் மகன் எங்களைக் கொச்சிக்குக் கூட்டிப்போனான். அங்கே பாய்மரப் படகு ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. மகனும் மருமகளும் பெட்டி, தண்ணீர்க் கேன், அரிசிப் பை என்று கொண்டுவந்த அத்தனையையும் படகின் முன்பக்க அறைக்குள் திணித்தார்கள். அங்கேதான் நிழலாம். நான் கரையில் நின்று பார்த்தேன். படகு லேசாக மூக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

“அம்புட்டையும் முன்னாடி ஏத்தாதலே. பாயி விரிச்சா மூக்கு முங்கும், சுக்கான் தண்ணியப் பிடிக்காது. பாதியப் பின்னாடி மாத்து” என்றேன்.

படகோட்டி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் சொல்லவிருந்ததைத்தான் நான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “அம்மாவுக்கு எந்தக் கடற்கரை?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“சாத்தூர் பக்கம்” என்றேன்.

என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கம்மா ஊரில் தண்ணீரே லாரியில்தான் வரும் என்று படகோட்டியிடம் விளக்கம் வேறு. மருமகள் அவனைவிட அதிகமாகச் சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்குப் பாய்மரப் படகில் போன அனுபவம் உண்டு. ஒன்பது வயதில், ஒரே ஒரு நாள், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலிருந்து கண்மாய்க்குள் இருக்கும் கருப்பன் மேடு வரைக்கும். கூப்பிட்டால் காது கேட்கும் தூரம்தான். ஆனாலும் கொழும்புக்குப் போய்வந்தவர்கள்கூட அவ்வளவு சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கமாட்டார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும்வரை விடவில்லை. மழை என்றால் மற்ற ஊர்களில் சந்தோஷம். எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. குச்சியில் தோய்த்த மருந்து காய வெயில் வேண்டும். வெயில் இல்லை என்றால் ஆபீஸ் இல்லை. பெரியவர்கள் எல்லாரும் வீட்டில் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கிற பெரியவர்களைப்போல் பிள்ளைகளுக்குத் தொந்தரவு உலகத்தில் வேறில்லை. வீடு முழுக்கப் புளித்த பசை வாடை, நனைந்த அட்டை வாடை, கந்தக வாடை. பெட்டியில் ஒட்டுவதற்கு வந்த லேபிள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகப்போக, அதைப் பிரித்து எடுத்து நாங்கள் விளையாடுவோம். புலிப்படம் ஒன்றுக்குத் தாமரைப்படம் மூன்று. என்னிடம் ஒரு டப்பா நிறையப் புலி இருந்தது. அந்த டப்பா எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வேலை இருந்தது. அவரிடம் இரண்டு மாடும் ஒரு வண்டியும். தீப்பெட்டி பண்டல்களைச் சாத்தூர் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். லோடு ஏற்றுவதில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லுவார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் தங்கை என் அத்தை. அத்தை பெரிய உடம்புக்காரி. சும்மா பெரியது இல்லை, அத்தை வந்து நின்றால் வாசலில் வெளிச்சம் குறையும். சாதாரண மணைப்பலகை போதாமல், அத்தை கல்யாணத்தின்போது பூவரச மரத்தில் அகலமாக ஒரு மணை செய்து கொடுத்திருந்தார்கள். அதில் நானும் என் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும். அத்தை தெருவில் போனால் முதுகுக்குப் பின்னால் விடலைகள், “லோடு வருது, வழி விடுங்கலே” என்பார்கள். முகத்துக்கு நேரே மட்டும் எல்லாரும், “முதப்பானைக்காரி” என்பார்கள்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்மாய் நிறைந்து மிச்சத்தண்ணீர் மறுகால் பாய்ந்தால், எட்டாம் நாள் காலையில் கண்மாய்க் கருப்பனுக்குப் பொங்கல். கருப்பன் இருப்பது கண்மாய்க்குள் ஒரு மேட்டில். முதல் பானையை வைக்கவேண்டியது எங்கள் வீட்டில் பிறந்த பெண். கல்யாணமானாலும் பாத்தியதை போகாது. அரிசியும் பாலும் போட்ட பானையைக் கரையில் கையில் வாங்கினால் மேட்டில் அடுப்பில் வைக்கிறவரை தரையில் வைக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, அடுத்த வீட்டார் கை படக்கூடாது. கண்மாய் நிறைந்த வருடம் எங்கள் வீடு வைக்கவில்லை என்றால் பாத்தியதை அடுத்த வீட்டுக்கு, அதாவது பங்காளிப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது.

அத்தை பதினைந்து வயதில் ஒரு தரம் வைத்திருந்தாள். அப்போது முழங்கால் தண்ணீர்தான், நடந்தே போய்விட்டாளாம். அதற்குப்பிறகு கண்மாய் நிறையவே இல்லை. வருடம் முழுக்க லோடு என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதப்பானைக்காரி என்ற அந்த ஒரு பெயர்தான் சொத்து. பாத்தியதை போனால் அந்தப் பெயரும் போய்விடும். எனக்கு இது இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புலி லேபிள்தான் பெரிது.

அந்த வருடம் கண்மாய் நிறைந்தது என்றால் அப்படி ஒரு நிறைவு. கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கருப்பன் மேடு தீவாகிவிட்டது. கரைக்கும் மேட்டுக்கும் நடுவில், அத்தை நடந்துபோன காலத்துக்குப் பிறகு செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளம், இரண்டாள் ஆழம்.

ஊர்க்கூட்டத்தில் பங்காளிப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “முடியாட்டி முடியலைன்னு சொல்லிருங்க. தப்பில்ல. எங்க வீட்டுப் புள்ள பானையத் தலையில வச்சுக்கிட்டே நீந்திரும்.” பெரியப்பா மகள் கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறவள். செய்தாலும் செய்வாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து என் மாமா, அத்தை புருஷன், எழுந்து நின்று, “ஒரு படகு கட்டுவோம் மச்சான்” என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தூத்துக்குடிக்காரர். ஈர்க்குச்சி உடம்பு. பாய் கட்டிய தோணியில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர். தோணித் தொழில் படுத்ததும் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். அப்பாவின் வண்டியில் பண்டல் தூக்கிப்போடுவதுதான் இப்போது வேலை. அவர் கடலைப் பற்றி வாய் திறந்தால், “கடல் பெருசா, நம்ம கண்மாய் பெருசா மாப்ளே?” என்று யாராவது கேட்பார்கள். மாமா அதையும் நிஜக் கேள்வி என்று நினைத்து யோசித்துப் பதில் சொல்லுவார். அவர் உண்மையிலேயே கடலைப் பார்த்திருக்கிறாரா என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆனாலும் வேறு வழி யாருக்கும் தோன்றாததால் படகு கட்டத் தொடங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸின் பெட்டி ஆசாரி வந்தார். பண்டல் அடுக்குகிற மரப்பெட்டியைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் செய்திராதவர். ஆபீஸில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைத்தான் வைத்து அடித்தார். அதனால் படகு, ஒரு முனையைக் கிள்ளிவிட்ட பெரிய தீப்பெட்டிப் பெட்டி மாதிரியே இருந்தது. பலகைகளில் கறுப்பு மையில் ‘நனையாமல் காக்கவும்’ என்று வரிசையாக அச்சடித்திருந்தது. இதைத் தண்ணீரில் விடலாமா என்று ஆசாரி மாமாவிடம் இரண்டு தரம் கேட்டாராம்.

பாய்க்கு அப்பாவின் வண்டிப் படுதா. அதில் ஒரு ஓட்டை விழக்கூடாது என்ற நிபந்தனையில்தான் அப்பா கொடுத்தார். மாமா ஒவ்வொரு மூலையிலும் ஒரு கூழாங்கல்லைப் படுதாவோடு சேர்த்துச் சுருட்டிக் கயிறு கட்டினார். ஓட்டை இல்லாமல் பாய் கட்டுவதை அப்பா மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாததே பாராட்டு.

வீட்டிலிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகப் படகுக்குள் போயின. அம்மாவின் எண்ணெய்த் தகரம் தார் காய்ச்சப் போனது. துணி காயப்போடுகிற கயிறு போனது. கிணற்று வாளி போனது. இந்தக் களேபரத்தில் அத்தையின் மணையைக் காணோம்.

சந்தேகம் என் மேல் வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் நான் அந்த மணையில் உட்கார்ந்து கண்மாய்க் கரையின் ஈரமண்ணில் மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தேன். “எங்கன கொண்டுபோய்ப் போட்டே? தண்ணிக்குள்ள விட்டுட்டியா?” என்று அத்தை என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு வைத்தாள். நான் எடுக்கவில்லை என்று கருப்பன் மேல் சத்தியம் செய்தேன். அதற்கு இன்னொரு கொட்டு. அத்தை வெறுந்தரையில் உட்கார்ந்து, குளிருது குளிருது என்று முனகிக்கொண்டே சாப்பிட்டாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் வெள்ளோட்டம். ஊரே கரையில். அத்தை ஒரு குண்டான் நிறைய நிலக்கடலை அவித்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படகில் மனிதர்களுக்குப் பதிலாக மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு. மூட்டை ஏற்றுவது என்றால் அப்பாதானே? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நம் வயதுக்காரர்களுக்கு மாட்டுவண்டி தெரியும். பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கிற வண்டியில் பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கிவிடும். முன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும். அதுதான் முன்பாரம். அப்பா அதில் கரைகண்டவர். ஆகவே மூட்டைகளை அடுக்கடுக்காகப் படகின் முன்பக்கம் ஏற்றினார்.

மாமா பின்னால், படகைத் திருப்புகிற சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார ஒரு அகலமான பலகை அடித்து, மேலே சாக்கு விரித்திருந்தது. இந்த ஈர்க்குச்சி மனுசனுக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று ஆசாரியே கேலிசெய்தார். மாமா அதன் ஓரத்தில்தான் ஒண்டி உட்கார்ந்திருந்தார். அது கடல்காரர்களின் வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“மச்சான், இது வண்டியில்ல. காத்து பாயத் தள்ளும்போது அணியம் தானாவே அமுங்கும். பாரம் பின்னாடி வேணும்” என்றார் மாமா. அணியம் என்றால் படகின் மூக்கு.

“மாப்ளே, மாடு இல்லைங்கிறதுக்காக நுகத்தடி ஞாயம் மாறிருமா? நான் எம்புட்டு லோடு ஏத்திருப்பேன். சும்மா இருங்க.”

கரையும் அப்பா பக்கம். மாமா சும்மா இருந்தார்.

வாடைக்காற்று அடித்தது. படுதா விம்மியது. படகு கிளம்பியது, ஊர் குலவையிட்டது, குலவை முடிவதற்குள் படகு முன்பக்கமாகக் குனிந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டது. மாடு தொட்டியில் குடிப்பதுபோல நிதானமாகக் குடித்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை இடுப்பளவுத் தண்ணீர். அப்பா தலைப்பாகை நனையாமல் அசையாது நின்றார்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு குரல்: “ஏலே, இன்னும் முதப்பானைக்காரி ஏறவே இல்லையேலே! அதுக்குள்ள முங்கிருச்சே!”

ஊர் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை கடலைக் குண்டானைக் கீழே வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குண்டானில் பாதிக் கடலை இருந்தது. அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

அன்றையிலிருந்து அத்தை சாப்பாட்டை விட்டாள். பழைய சோற்று நீச்சத்தண்ணி மட்டும். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இருக்கன்குடி அம்மன் மேல் ஆணை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மாமா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சாப்பிடு. நீ எளைச்சிராத. எளைச்சா படகுக்குத்தான் கெடுதல்.”

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கட்டின புருஷனும் ஊரோடு சேர்ந்துகொண்டான் என்று நினைத்திருப்பாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அம்மா மாமாவை முறைத்தாள். நான்கூட, இந்த மனுசனுக்குக் கேலி செய்ய நேரங்காலம் இல்லையா என்று நினைத்தேன். மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பேசத் தெரியாத ஆளைப் பற்றி ஊரில் எல்லாரும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஏழாம் நாள் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். பிறந்த பெண்தானே பானை வைக்கவேண்டும், நானும் அந்த வீட்டில் பிறந்த பெண்தானே? ஒன்பது வயது. கோழிக்குஞ்சு கனம். என்னை ஏற்றினால் படகு முங்காது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். சுவரோரம் படுத்திருந்த அத்தையின் முன்னால் போய் நின்று, “அத்தை, இனிமே நாந்தான் முதப்பானைக்காரி” என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துப் பானையின் அடியில் வைத்து, “விளிம்பப் பிடிக்காத, வழுக்கும். அடியில கை குடுத்து மாரோட அணைச்சுக்க” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். நான் செய்த கேவலமான காரியங்களில் இது ஒன்று. இத்தனை வயதுக்குப் பிறகும் கூசுகிறது.

எட்டாம் நாள் காலை, மழை இல்லை. கொம்பு ஊதினார்கள். பட்டுப்பாவாடை கட்டி, ஈரத்தலையோடு பானையை வாங்கினேன். அப்பா என்னைப் படகின் மூக்கிலேயே உட்காரவைத்தார். சாமி பானை முன்னால்தானே போகவேண்டும்? எனக்குப் பக்கத்தில் சேவலோடு பூசாரி. விறகு, வெல்லம், தேங்காய் மூட்டை எல்லாம் முன்னால். போதாததற்கு, முன்பாரம் குறைகிறது என்று இரண்டு மணல்மூட்டை. இந்த முறை அளவாகத்தான் ஏற்றியிருக்கிறேன் என்று அப்பா எல்லாருக்கும் அறிவித்துவிட்டு நடுவில் நின்றுகொண்டார். மாமா பின்னால், சாக்கின் ஓரத்தில். கரையில் கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி அத்தை நின்றாள். வராமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

தள்ளிவிட்டார்கள். கொஞ்ச தூரம் நன்றாகப் போனது. பிறகு காற்று வேகமெடுத்தது. படகு மூக்கை அமுக்கியது. என் பாவாடை நுனி நனைந்தது. பானையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, “அப்பா! அப்பா!” என்று கத்தினேன். சேவல் என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. பூசாரி இரண்டு பேரையும்விட.

திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுக்கான் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. மாமா அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறார், காற்றைத்தான் கிளறுகிறார். படகு தன் இஷ்டத்துக்குப் பம்பரம்போல் பாதி சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, கிளம்பின கரையிலேயே கொஞ்சம் தள்ளிச் சேற்றில் வந்து செருகியது.

செருகிய இடத்தில் அத்தை நின்றிருந்தாள்.

பானை என் கையில்தான் இருந்தது. தரை படவில்லை, தண்ணீர் படவில்லை. ஆனால் படகு செருகிய வேகத்தில் பால் தளும்பியது. பெரியப்பா மகள் பாவாடையை வரிந்து கட்டத் தொடங்கிவிட்டாள். “என்ன, முடிஞ்சுச்சா? எங்க வீட்டுப் பானையக் கொண்டாங்கப்பா” என்றார் பெரியப்பா.

மாமா அத்தையைப் பார்த்தார். “வா” என்றார்.

அத்தை கேட்காதவள்போல் நின்றாள்.

“வா. பின்னாடி வந்து உக்காரு.”

“மாப்ளே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? அஞ்சு பேரும் முங்கிச் சாவோம்!” என்றார் அப்பா.

அப்போதுதான் மாமாவின் குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன். அதற்கு முன் கேட்டதெல்லாம் குரலே இல்லை. நடுக்கடலில் இன்னொரு தோணியைக் கூப்பிடுகிற சத்தம் அது. “மச்சான்! நடுவுல உக்காந்து வாய மூடிக்கிடுங்க! பூசாரி, அந்த ரெண்டு மூட்டையத் தூக்கித் தண்ணிக்குள்ள போடுங்க!”

அப்பா பொத்தென்று உட்கார்ந்தார். மூட்டைகள் தண்ணீரில் விழுந்தன. அத்தை இன்னும் நகரவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏறி, படகு முங்கினால் அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவில் நடக்கமுடியாது. அது அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் எவனோ ஒருத்தன் மெதுவாக, “லோடு வருது” என்றான்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பினாள். “வருதுலே. வழி விடு” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

பின்பக்கமாக ஏறினாள். படகு ஒரு ஆட்டம் ஆடியது. அத்தை சாக்கின் மேல் உட்கார்ந்தாள், மாமா ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். பின்பக்கம் இறங்கியது. நான் உட்கார்ந்திருந்த மூக்கு, தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தது. நுகத்தடி சரியாகப் பொருந்தியதும் மாடு தலையை நிமிர்த்துமே, அதேபோல. அப்பா அதைப் பார்த்தார். இருபக்கமும் குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் தவழ்ந்து பின்னால் போய்ப் பானையை நீட்டினேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தை அடியில் கை கொடுத்து வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

தள்ளினார்கள். மாமா சுக்கானைத் திருப்பினார், படகு கேட்டது. சொன்ன திசையில் போனது. அப்பப்பா, அந்தப் போக்கு! ஆட்டமில்லை, உலுக்கலில்லை. வண்டியில் போனால் எலும்பெல்லாம் குலுங்கும். இதில் பலகைக்கு அடியில் தண்ணீர் கிலுகிலுவென்று பேசிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். கருவேல மரத்தலைகள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. கரையில் குலவை கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சேவல்கூட அடங்கிவிட்டது.

நடுத்தண்ணீரில் அத்தை கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தாள். மறுபடி அசைந்தாள். ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏங்க. இது என் மணையில்ல?”

மாமா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா.”

“எப்ப எடுத்தீக?”

“மொத நாளு. அத அளந்துதான் ஆசாரிக்குப் படகு அளவே குடுத்தேன்.”

அத்தை சாக்கை மறுபடி இழுத்து மூடினாள். “அப்ப நாந்தான் இங்கன உக்காரணும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்.”

“தெரியும்.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? நாலு நாளு பட்டினி கெடந்தேனே பாவி!”

மாமா அப்போதுதான் பாயிலிருந்து கண்ணை எடுத்தார். “ஊரு முன்னால நின்னு ஒன் பாரத்த நான் சொல்லணுமாக்கும்?” என்றார்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. பூசாரி சேவலைத் தடவிக்கொடுத்தார். நான் மட்டும், இரண்டு கொட்டு வாங்கியவள் என்ற முறையில், மணையை நான் எடுக்கவில்லை என்பது இப்போதாவது தெரிந்ததா என்று சத்தமாகக் கேட்டேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கொட்டுகளுக்கு இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

முதல் பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. திரும்பும்போது எதிர்காற்று, பாயைச் சுருட்டிவிட்டு அப்பாவும் மாமாவும் துடுப்புப் போட்டார்கள். “மாப்ளே, பாரம் சரியா இருக்கா?” என்று அப்பா நாலு தரம் கேட்டார். கரை இறங்கியதும், படகுக்குப் பின்பாரம்தான் முக்கியம், இது பலபேருக்குத் தெரியாது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

அதற்குப்பிறகு கண்மாய் அப்படி நிறையவே இல்லை. படகு இரண்டு கோடை வெயிலில் பிளந்து, பிறகு அடுப்பில் எரிந்தது. ‘நனையாமல் காக்கவும்’ என்பது கடைசியில் உண்மையானது. அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. கொச்சியில் அன்றைக்குப் படகோட்டி பெட்டிகளைப் பின்னால் மாற்றிவிட்டு, அம்மா எங்கே உட்காருகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சுக்கான் பக்கமாகப் போய், என் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தேன்.

மணை மட்டும் படகிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. நடுவில் இரண்டு ஆணி ஓட்டை. அத்தை கடைசிவரை அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். “ஓட்டை குத்துது, ஓட்டை குத்துது” என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுவாள். மாமா ஒரு நாள் சாத்தூரிலிருந்து புது மணை ஒன்று வாங்கிவந்தார். அத்தை அதை வாங்கி, அகலம் பார்த்து, என்னிடம் கொடுத்து, “இத நீ வச்சுக்கத்தா. எனக்கு அளந்தது இங்கன இருக்கு” என்றாள்.